பிரஜாவுரிமையும் மனநலமும்

(கொட்டகலையில் ஆசிரியர்கள், தோட்டச் சுகாதார ஊழியர்கள், தொழிற்சங்கத்தினர், பெற்றோர் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் ஆசிரிய மாணவர்களுக்கும், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

குடிபெயர்ந்தோரின் மனநலம் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது, இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்த நண்பர் கொஞ்சம் தயங்கினார். "நாங்க வந்து இருநூறு வருஷம் ஆச்சு. இன்னுமா வந்தவங்கன்னு சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டதிலிருந்து கணக்கு வைத்துத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம்மவர்கள் நடந்தார்கள். இது எங்கள் நாடு என்று காலால் நடந்து சொன்னார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் தலைப்பு இருக்கட்டும் என்றேன். குடிபெயர்ந்த சனங்களின் மனநலம் பற்றி உலகத்தில் தொண்ணூறு வருஷமாக ஆய்வு நடக்கிறது. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் நம்முடைய கதையை வேறொருவர் பெயரில் படிப்பதாகவே எனக்குத் தோன்றும். நம் குடியுரிமையைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன, கூலியைப் பற்றி வந்திருக்கின்றன. மனதைப் பற்றி வந்தது மிகக் கொஞ்சம். அதனால் மற்றவர்களுடைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோர்வே நாட்டுக் குடியானவர்கள் பெருந்தொகையாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போய்க் குடியேறினார்கள். பிற்காலத்தில் ஓடெகோர்ட் என்ற நோர்வே மனநல வைத்தியர், அங்கே ரொச்செஸ்டர் அரசு மனநல மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தார். நோர்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் மனச்சிதைவு நோயோடு அங்கே சேர்க்கப்பட்ட விகிதம், மினசோட்டாவில் பிறந்தவர்களை விடவும் கூட, நோர்வேயிலேயே தங்கிவிட்டவர்களை விடவும் கூட. 1932இல் இதை வெளியிட்டார். கண்டது சரி. அதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் பல காலம் தொல்லை கொடுத்தது. மனம் ஏற்கெனவே நிலைகொள்ளாதவர்கள்தான் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள், நோய்க்கான வித்தை அவர்களே கூடக் கொண்டுபோகிறார்கள் என்றார்.

இந்த விளக்கம் ஆள்கிறவர்களுக்கு எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். வந்தவன் உடைந்து போனால் குறை வந்தவனுடையது. அவனை வைத்திருந்த இடத்தைப் பற்றி யாரும் கேட்கத் தேவையில்லை.

நெதர்லாந்தில் யான் பவுல் செல்ட்டன் என்ற மனநல ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தென்னமெரிக்காவில் டச்சுக்காரரின் காலனியாக இருந்த சுரினாம் 1975இல் சுதந்திரம் பெற்றது. அந்தக் காலத்தை ஒட்டி அந்த நாட்டுச் சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு நெதர்லாந்துக்குப் போய்விட்டது. போனவர்களில் 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சமும் உண்டு. ஒருவகையில் நமக்கு உறவுக்காரர்கள். நெதர்லாந்தில் இந்தச் சுரினாம்காரரிடையே மனச்சிதைவு நோய் கூடுதலாக இருந்தது. செல்ட்டன் 2002இல் ஒரு கணக்குப் போட்டார். சுரினாம் நாடு முழுவதுமே நெதர்லாந்துக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது நிலைகொள்ளாதவர், நிலைகொண்டவர் எல்லோரும் வந்தவர்களுக்குள் அடங்கிவிடுவார்கள். பொறுக்கியெடுத்துக் கிளம்பினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படிக் கணக்குப் போட்ட பிறகும் அவர்களுடைய விகிதம் டச்சுக்காரரை விடக் கூடுதலாகவே நின்றது.

பிரித்தானியாவில் கரிபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்களிடமும் இதே கதைதான். லண்டனிலும் நொட்டிங்ஹாமிலும் அவர்களுக்கு இந்த நோய் பல மடங்கு கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இரத்தத்தில் ஏதாவது இருக்குமோ என்று ஆய்வாளர்கள் ஜமேக்காவுக்கும் ட்ரினிடாட்டுக்கும் பார்படோசுக்கும் போய்ப் பார்த்தார்கள். அந்தத் தீவுகளில் அந்த அளவுக்கு இல்லை.

ஆசிரிய மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. எலிசபெத் கன்டோர் கிராயே என்பவரும் செல்ட்டனும் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். குடிபெயர்ந்து வந்த முதல் தலைமுறைக்கு மனச்சிதைவு நோய் வரும் அபாயம் அந்தந்த நாட்டவரை விட ஏறத்தாழ 2.7 மடங்கு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு 4.5 மடங்கு. கப்பலேறாத, கடலைக் கடக்காத, அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அபாயம் கூடுகிறது. பயணம்தான் காரணம் என்றால் பிள்ளைகளிடம் அது குறைந்திருக்க வேண்டாமா? பிறந்த நாட்டிலேயே நீ வெளியாள் என்று வாழ்நாள் முழுக்க உணர்த்தப்படுவதுதான் மனதைத் தோற்கடிக்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் இன்னும் நிரூபிக்கப்படாத பகுதிகள் இருக்கின்றன. ஆனால் குறை வந்தவனுடையது என்ற பழைய பேச்சு அதோடு முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய நகரங்களில் எடுத்த இந்த எண்களைத் தூக்கி நம் லயங்கள் மேல் ஒட்டக் கூடாது. மலையகத்தில் மனச்சிதைவு நோய் இத்தனை மடங்கு என்று நான் சொல்லவில்லை; யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள். நான் எடுத்துக்கொள்வது எண்ணை அல்ல, கேள்வியை. ஒரு சனத்தின் மனநலத்தைப் பற்றிப் பேசும்போது, அவர்களை வைத்திருந்தவர்கள் அவர்களை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியோடு நம் வரலாற்றுக்கு வருவோம்.

1947இல் நம்மவர்கள் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருஷமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அதற்கடுத்த வருஷம் வாக்கும் போனது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பல வருஷம் விசாரித்து, ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குக் கொடுத்தார்கள். தாத்தா எந்த வருஷம் வந்தார், இடையில் இந்தியாவுக்குப் போய் எத்தனை மாதம் இருந்தார், கல்யாணப் பதிவு எங்கே, பிறப்பத்தாட்சி எங்கே? எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் காகிதம் கேட்டார்கள். காகிதம் இல்லாததை அவர்களுடைய குற்றமாக்கினார்கள்.

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் பேசி, ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பேச்சில் நம்மவர் ஒருவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை.

ஓடெகோர்டின் விளக்கத்தை இங்கே வைத்துப் பாருங்கள். மனம் நிலைகொள்ளாதவர்களா இங்கிருந்து கிளம்பினார்கள்? ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் பிறந்த அண்ணன் இந்திய விண்ணப்பத்தில், தம்பி இலங்கை விண்ணப்பத்தில். கணவருக்கு ஒரு நாடு, கல்யாணமாகிப் போன மகளுக்கு இன்னொரு நாடு. யார் போவது, யார் நிற்பது என்பதை மனமா தீர்மானித்தது? பல வீடுகளில், கந்தோரில் எந்தக் கோப்பு எந்த அடுக்கில் இருந்தது என்பதுதான் தீர்மானித்தது. குடிபெயர்வு மனதை என்ன செய்கிறது என்று அறிய விரும்பும் ஓர் ஆய்வாளருக்கு இதைவிடத் தெளிவான ஒரு நிலைமை உலகத்தில் அமைவது அபூர்வம். போனவர்களையும் நின்றவர்களையும் ஒப்பிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கலாம். நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய மனதைக் கேட்க இரண்டு அரசாங்கங்களும் ஆள் வைக்கவில்லை.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் தலைமன்னார் ரயில் ஏற்றிவிட்டு நின்றவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அழுகைக் கோச்சி, ஒப்பாரிக் கோச்சி என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். செத்த வீட்டில் பாடுகிற ஒப்பாரியை உயிரோடு போகிறவர்களுக்காகப் பாடினார்கள். செத்தவருக்குக் கருமாதி உண்டு, எட்டு உண்டு, வருஷத் திதி உண்டு. அழுது தீர்க்க நாள் குறித்திருக்கிறோம். பிரிந்து போன உயிருள்ள தங்கைக்கு என்ன சடங்கு? முடிவில்லாத இந்தத் துயரம் வருஷக்கணக்காக உள்ளேயே கிடக்கும். நெஞ்சு அடைக்கிறது, தூக்கமில்லை, தலை கிறுகிறுக்கிறது என்று எழுபது வயதில் வருகிற பாட்டிமாரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால், பல தடவை அந்த ரயிலில் போய் முடிகிறது பேச்சு.

போனவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது? ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஓரளவுக்குத் தெரிந்த தொழிலோடு பிழைத்தார்கள். கர்நாடகாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள் உண்டு. பஞ்சாலைகளுக்குப் போனவர்கள் உண்டு. கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. இங்கே கள்ளத்தோணி என்று ஏச்சு வாங்கியவர் அங்கே இறங்கியதும் சிலோன்காரர் ஆனார். 1984இல் ராமேஸ்வரத்துக்குப் போகும் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாமல் இங்கேயே நின்றவர்கள் ஏறத்தாழ 84 ஆயிரம் பேர். கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்தக் கணக்கை முடித்து வைத்தது. 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 55.

ஐம்பத்தைந்து வருஷக் காத்திருப்பு மனதை என்ன செய்யும்? இதற்கான பதில் அவுஸ்திரேலியாவில், அதுவும் தமிழர்களிடமே எடுக்கப்பட்டிருக்கிறது. 1990களில் டெரிக் சிலோவ், சக்கரி ஸ்டீல் முதலிய ஆய்வாளர்கள் சிட்னியில் மூன்று வகைத் தமிழர்களை ஒப்பிட்டார்கள். புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்கள், அகதி என்று ஏற்கப்பட்டவர்கள், முறையான விசாவில் வந்தவர்கள். யுத்தத்தில் பட்டது மட்டும் மனதை வருத்தவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், முடிவு தெரியாமல் இழுபடும் வழக்கு, குடும்பத்தைப் பிரிந்திருப்பது ஆகிய வந்த பிறகான துன்பங்களும் நோயோடு சேர்ந்தே நின்றன.

அதே குழுவினர் பிறகு ஈராக்கிலிருந்து வந்த மண்டேயர் என்ற சிறுபான்மை மக்களைப் பார்த்தார்கள். தற்காலிக விசாவில் வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு, நிரந்தர விசா பெற்றவர்களை விட மனச்சோர்வும் மனவடு நோயும் மிகக் கூடுதல். 2006இல் இது வெளிவந்தது. பிறகு அவர்களுக்கும் நிரந்தர விசா கிடைத்தது. ஆய்வாளர்கள் திரும்பவும் போய்ப் பார்த்தபோது நோயின் அறிகுறிகள் குறைந்திருந்தன. அவர்கள் பட்ட சித்திரவதை மாறவில்லை. கடந்தகாலம் அப்படியேதான் இருந்தது. மாறியது அவர்களுடைய கையிலிருந்த காகிதம். மனநல வைத்தியத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரைக்கு எட்டாத இடத்தை ஒரு சட்டம் எட்டும்.

இலங்கைக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக இருந்த நிலையை, காலஞ்சென்ற செஸ்மல் சிறிவர்தனவும் தோழர்களும் ஆராய்ந்தார்கள். 2013இல் வெளிவந்த அந்த ஆய்வில், மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற பொதுவான மனநோய்கள் 18.8 சதவீதமானோரிடம் காணப்பட்டன. மனவடு நோய் 2.4 சதவீதம்தான். வேலையில்லாமை, கணவரையோ மனைவியையோ இழந்தோ பிரிந்தோ இருப்பது, அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாமை ஆகியவற்றோடு நோய் பின்னிப் பிணைந்திருந்தது. பழைய காயத்தை மட்டும் தேடிக்கொண்டு போகிற வைத்தியருக்கு இது ஒரு பாடம். இன்றைய அடுப்பையும் பார்க்க வேண்டும்.

நம் மக்களுக்கும் பழைய காயங்கள் உண்டு. 1958, 1977, 1981, 1983 கலவரங்களில் தோட்டங்களிலிருந்து ஓடி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள், 2009இல் அங்கே கடைசி யுத்தத்தையும் அனுபவித்தார்கள். யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்தத்தின் மனவடுவைத் தனிமனிதருடையதாக மட்டுமன்றிச் சமூகத்துடையதாகவும் எழுதிவைத்தார்கள். அதற்குள் மலையகத்திலிருந்து போனவர்களின் பங்கைத் தனியாக எழுத வேண்டிய கடமை இன்னும் மீதமிருக்கிறது. ஸ்ரீபாத கல்லூரி மாணவர்களில் ஒருவர் ஒரு நாள் அதைச் செய்வார் என்று நான் நம்புகிறேன்.

இனி இன்றைய குடிபெயர்வுக்கு வருகிறேன். இப்போதும் நம் வீடுகளிலிருந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்கு, மகன் கொழும்பில் கடைக்கு, மகள் ஆடைத் தொழிற்சாலைக்கு.

கொழும்புக்குப் போகிற பிள்ளைகளை நினைக்கும்போது ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1939இல் சிக்காகோ நகரத்தில் ஃபாரிஸ், டன்ஹாம் என்ற இருவர், தம் இனத்தவர் குறைவாக உள்ள பகுதியில் தனித்து வாழ்பவர்கள் மனநல மருத்துவமனைக்கு வருவது கூடுதல் என்று கண்டார்கள். 2008இல் நெதர்லாந்தின் ஹேக் நகரத்திலும் இதை ஒத்த முடிவு வந்தது. குடிபெயர்ந்தவர்களில், தம் சொந்தச் சனம் நிறைய உள்ள பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்களின் அபாயம் குறைவாக இருந்தது. லயத்தைப் பற்றி நாம் சொல்லாத குறையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் மூன்று தலைமுறை படுக்கிற அவலத்தை நான் மறைக்க வரவில்லை. அந்தக் காம்பராக்கள் போக வேண்டும், காணியும் தனி வீடும் வர வேண்டும். ஆனால் பக்கத்துக் காம்பராவில் ஒருத்தி இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை என்றால் லயம் முழுக்கத் தெரிந்துவிடுகிறதே, அந்தக் கவனிப்பு பெரிய பாதுகாப்பு. புறக்கோட்டைக் கடைக்கு மேலே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிற பதினேழு வயதுப் பையனுக்கு அது இல்லை. அவன் தீபாவளிக்கு வந்து முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், கொழும்புக்குப் போய்த் திமிர் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

வெளிநாடு போன தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் சொல்ல வேண்டும். 2015இல் கொலித விக்கிரமகே முதலிய ஆய்வாளர்கள், இலங்கையின் ஆறு மாவட்டங்களில், பெற்றோர் வெளிநாடு போன குடும்பங்களையும் போகாத குடும்பங்களையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். விட்டுச் செல்லப்பட்ட பிள்ளைகளில் ஐந்து பேரில் இருவருக்கு மனநலப் பிரச்சினை காணப்பட்டது. ஆய்வில் அது ஓர் எண். உங்களுக்கு அது வகுப்பின் பின்வரிசை. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை, சண்டை போடுகிற பிள்ளை, ஒன்றுமே பேசாமல் ஜன்னலைப் பார்க்கிற பிள்ளை. அவர்களைப் பிரம்பால் திருத்த முடியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பாட்டியும் சோர்ந்து போயிருக்கிறாள் என்பதையும் மறக்க வேண்டாம்.

2013இல் அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாடு போகக் கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை முறையைக் கொண்டுவந்தது. டொலர் தட்டுப்பாடு வந்ததும் 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. பிள்ளையின் மனதுக்காக வந்த விதி என்றால், நாட்டுக்குக் காசு தேவைப்பட்டதும் பிள்ளையின் மனம் எப்படி மாறியது? தாயைத் தடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை, தாயைத் தள்ளிவிடுவதிலும் இல்லை. தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிந்தால் பாதித் தாய்மார் விமானம் ஏற மாட்டார்கள்.

அடுத்தது, மருந்து குடிக்கிற விஷயம். கூட்டங்களில் இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். பேசத்தான் வேண்டும். 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய விகிதங்களில் அது ஒன்று. அதன் பிறகு அது 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எப்படி? மக்களின் துயரம் குறைந்ததால் அல்ல. மருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் தொகை அந்த அளவுக்குக் குறையவே இல்லை. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995இலும் 1998இலும், பிறகு 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்தார்கள். கடைசித் தடையில் போனவற்றில் ஒன்று பரகுவாட், தேயிலை மலைகளில் நம் ஆட்கள் புல்லுக்கு அடித்த அதே மருந்து. இந்தத் தடைகளால் 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93 ஆயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று டீ நைப், மைக்கேல் எடில்ஸ்டன் முதலியோர் மதிப்பிட்டார்கள்.

இதற்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அநேகமாகத் தற்கொலை எண்ணம் சண்டையின் கோபத்திலோ, குடித்த போதையிலோ வருகிறது. சில மணி நேரத்தில் போய்விடுகிறது. அந்தச் சில மணி நேரம் உயிர் தங்கினால் பிறகு அந்த ஆளே வாழத்தான் விரும்புகிறார். மருந்து ஸ்டோருக்குப் பூட்டுப் போடுங்கள், மீந்த மருந்தை லயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் தோட்டம் தோட்டமாகச் சொல்வது இதற்காகத்தான். பிழைத்து வந்தவரைப் பொலிஸ் பிடிக்கும் என்ற பயத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தை 1998இலேயே நீக்கிவிட்டார்கள். உடனே கொண்டுபோங்கள்.

வைத்தியசாலைக்குப் போனால் அங்கே என்ன நடக்கிறது? ஒரு கிளினிக்கில் நான் கண்டதைச் சொல்கிறேன். தாய்க்குச் சிங்களம் வராது, வைத்தியருக்குத் தமிழ் வராது. பத்து வயது மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். வைத்தியர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் கணவர் தினம் குடித்துவிட்டு வந்து என்ன செய்கிறார் என்பதை அந்தத் தாய் மகளின் வாயால் எப்படிச் சொல்வாள்? தலைவலி என்றாள். தலைவலிக்கு மாத்திரை கிடைத்தது. எத்தனை வருஷமாக அதே மாத்திரையோ!

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகும் தோட்டத்து டிஸ்பென்சரி அரசாங்கச் சுகாதார சேவையோடு முழுமையாகச் சேரவில்லை. கிராமத்துக்குப் போகிற சேவை தோட்டத்து எல்லையில் வந்து தயங்கி நிற்கிறது. 2017இல் இந்திய உதவியோடு டிக்கோயாவில் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் திறந்தார்கள், நல்லது. கட்டடத்துக்குள் தமிழில் மனம் விட்டுப் பேசக் கூடிய ஆள் வேண்டும்.

மனநல வைத்தியர் எல்லாத் தோட்டத்துக்கும் வர முடியாது என்பார்கள். உண்மைதான். சிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல வைத்தியர், வயதான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து முற்றத்தில் ஒரு வாங்கு போட்டு உட்கார வைத்தார். மனம் சோர்ந்து வருகிறவர்கள் அந்தப் பாட்டிமாரோடு பேசினார்கள். அதனால் நோய் தணிந்தது என்பதை 2016இல் முறையான ஆய்வால் காட்டினார்கள். கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு, மனநலப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுக்கும் ஆண்களின் குடிக்கும் ஆலோசனை சொல்ல வைத்தது. 2017இல் வெளிவந்த முடிவுகளில் அதற்கும் பலன் தெரிந்தது. நம்மிடம் பிள்ளைக்காம்பரா அக்காமார் இருக்கிறார்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், ஊரே மதிக்கிற பாட்டிமார் இருக்கிறார்கள். பயிற்சியும், அவர்களுக்கு மேலே கேட்டுச் சொல்ல ஒரு வைத்தியரும், கையில் ஒரு சம்பளமும் கொடுத்தால் போதும். இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இரண்டு ஆள் வேலை செய்கிற பெண்கள் அவர்கள்.

கோடாங்கியிடம் போவதைப் பற்றியும் கேட்பீர்கள். போங்கள், சாமி கும்பிடுங்கள், குறி கேளுங்கள். சனம் கூடி ஒருவருக்காகக் கவலைப்படுவதே மனதுக்கு ஆறுதல். ஆனால் அடிப்பதும் கட்டிவைப்பதும் சாப்பாடு கொடுக்காமல் இருப்பதும் கூடாது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பூசாரிமாரிடம் நான் பேசியிருக்கிறேன். மரியாதையாகச் சொன்னால், இது பெரிய டொக்டரிடம் காட்ட வேண்டியது என்று அவர்களே அனுப்பிவைக்கிறார்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. இரவோ பகலோ எடுக்கலாம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் தொழிற்சங்கத் தலைவர்களிடம் நேரடியாக ஒன்று கேட்கிறேன். மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர் மாதம் ஒரு நாள் கிளினிக் போக வேண்டும். போனால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. இரண்டு மூன்று மாதம் போவார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள்; ஆறு மாதத்தில் நோய் திரும்பி வரும். அப்போது மருந்து வேலை செய்யவில்லை என்று ஊர் சொல்லும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இதை எழுதி வையுங்கள்: கிளினிக் கார்டைக் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும். அரைப்பேர் அல்ல, முழுப்பேர். கூட வருகிறவருக்கும் அப்படியே.